மிளகுக்குத் தோள் கொடுக்கும் மரங்கள்

மிளகுக் கொடி எதையாவது பற்றி ஏறினால்தான் நன்றாகக் காய்க்கும். கான்கிரீட் தூணிலும் அது ஏறும். ஆனாலும் இலங்கையிலும் இந்தியாவிலும் பெரும்பாலான விவசாயிகள் அதற்கு உயிருள்ள மரத்தையே கொடுக்கிறார்கள். எந்த மரம் என்பதில்தான் வேறுபாடு.

மாத்தளை, கண்டி, கேகாலைத் தோட்டங்களில் தாங்கு மரம் பெரும்பாலும் கிளிரிசிடியா என்ற சீமைக்கிளுவை. போத்தை வெட்டி நட்டாலே வேர்பிடித்துவிடும். 2.4 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்குச் சுமார் 1,700 மரங்கள் நிற்கும். உச்சியை வெட்டி உயரத்தை அடக்குவதால் காய் பறிப்பது எளிது. கிளை கழிக்கும்போதெல்லாம் கொடிக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் தழைச்சத்து நிறைந்த அதன் இலை கொடியின் அடியிலேயே உரமாகிறது. மிஞ்சும் தழை ஆடுமாடுகளுக்கு, கட்டை விறகுக்கு. தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கை அரசு கிளிரிசிடியாவை அறிவித்திருக்கிறது.

இந்தியாவில் மரங்கள் பல. கேரள வீட்டுத் தோட்டங்களில் பலா, மா, கமுகு, தென்னை என நிற்கும் மரத்திலெல்லாம் கொடி ஏறும். குடகு, வயநாடு, ஏற்காடு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கே தாங்கு மரம். நெடுநெடுவென வளரும் அதில் கொடியும் உயர ஏறும். கடைசியில் மரத்தை விற்றுக் காசும் பார்க்கலாம். ஆனால் உச்சிக் காயைப் பறிக்க நீண்ட மூங்கில் ஏணியும் ஏறத் தெரிந்த ஆளும் வேண்டும். அந்த ஆள் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு.

கேரளத்தில் தனித் தோட்டமாக மிளகு போட்டவர்கள் முள்முருங்கையை நம்பியிருந்தார்கள். 2000-களின் நடுவில் ஒரு சிறு குளவி வந்தது. இளந்தளிரில் முட்டையிட்டு இலையையும் தண்டையும் முடிச்சு முடிச்சாக வீங்க வைத்தது. மரங்கள் இலையுதிர்ந்து பட்டன. அவற்றைப் பற்றியிருந்த கொடிகளும் சாய்ந்தன. பலாவிலும் கமுகிலும் ஏறியிருந்த கொடிகளுக்கு அந்தக் கேடு நேரவில்லை.

சிறு நிலமும் வீட்டு ஆட்களின் உழைப்பும் மட்டுமே உள்ளவருக்கு இலங்கை முறையே மேல். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் புதிதாக மிளகு நடுவோர் சில வரிசைகளுக்காவது கிளிரிசிடியா வைத்துப் பார்க்க வேண்டும். மாத்தளைக்காரர்களோ ஒரே மரத்தை நம்பியிருக்கக் கூடாது. கண்டி வீட்டுத் தோட்டங்களில் பலாவிலும் கமுகிலும் கொடி ஏற்றும் வழக்கம் இன்றும் உண்டு, அதைக் கைவிடாதீர்கள்.