பைட் எல்லாம் சரி, இனிஷியல் யாருடையது?

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை மீட்பது எப்படி என்று சொல்லும் வழிகாட்டிகளில் உண்மையிலேயே நல்லவை உண்டு. பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம்மூர்ப் பள்ளிகளுக்கு வந்த அதே மெஷின்தான். அதன் கேசட்டில் டேட்டா என்பது வெறும் சத்தம்: பூஜ்யத்துக்கு 1200 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று, ஒன்றுக்கு 2400 ஹெர்ட்ஸில் இரண்டு. டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர் போட்டுப் பாட்டு மாதிரி பதிவு செய்துவிட்டு, அப்புறம் நிதானமாக டீகோட் பண்ணலாம். ஒவ்வொரு 256 பைட் பிளாக்குக்கும் சிஆர்சி இருப்பதால் எங்கே கெட்டது என்றும் தெரிந்துவிடும்.

சிஆர்சி சரி என்றால் வேலை முடிந்தது: இதுதான் அந்த வழிகாட்டிகளின் அளவுகோல். ஆங்கிலத்துக்கும் கேம்ஸுக்கும் அது போதும். தமிழ் ஃபைலுக்கு அது பாதிக் கிணறு தாண்டின கதை.

யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம் நாம் டைப் அடித்தது பாமினி மாதிரி ஃபான்ட்களில். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, டிஸ்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதாவது தமிழ் இருந்தது ஃபான்டில், ஃபைலில் இல்லை. பைட்டுகளை ஒன்றுவிடாமல் கொண்டுவந்தாலும் தமிழ் வந்து சேர்ந்ததாக ஆகாது.

அதற்குத்தானே கன்வெர்ட்டர் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. 'கொ'வில் முன்னால் நிற்கும் கொம்பைத் தூக்கி சரியான இடத்தில் வைப்பது போன்ற சிக்கலான வேலையையெல்லாம் நன்றாகவே செய்கின்றன. என் புகார் வேறு.

தாயில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதிய ஒருவர் ஒரு ஃப்ளாப்பி கொடுத்தார். கூடவே, யாரோ ஏற்கெனவே யூனிகோடுக்கு மாற்றித் தந்த பிரதியும். வாரச் சம்பளப் பட்டியல். பேர் தமிழில், இனிஷியல் ஆங்கிலத்தில். எந்த வருஷம் யார் வேலையில் இருந்தார் என்று சொல்ல அவர்களிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மாற்றிய பிரதி பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. ஆபத்தே அந்தப் பளிச்சில்தான்.

பாமினியில் பெரிய எழுத்து கே என்றால் 'மு'. எம் என்றால் 'ஆ'. ஆர் என்றால் 'சு'. கருப்பசாமி மகள் கே. மாரியம்மாள் என்று வைத்துக்கொள்வோம்; அவர் மு. மாரியம்மாள் ஆகிவிடுவார். முத்தையாவின் மகள் என்று யாரும் நம்புவார்கள். எஸ் மட்டும் 'ளு' என்று வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும், பாவம். கிலோவைக் குறிக்கும் கே-ஜி 'மப' ஆவதும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் கே, எம், ஆர் மூன்றும் சத்தமில்லாமல் அப்பாவையே மாற்றிவிடுகின்றன. இதை எந்த சிஆர்சி பிடிக்கும்?

இதற்கு வழி ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. அது பழைய வேர்ட் ஃபைல். எந்தத் துண்டு எந்த ஃபான்ட் என்று அதில் பதிவாகியிருக்கும். முதலில் வெறும் டெக்ஸ்டாக மாற்று, பிறகு கன்வெர்ட்டரில் ஒட்டு என்று பலரும் சொல்லும் முறை, அந்தப் பதிவைத்தான் முதல் வேலையாகத் தூக்கி எறிகிறது. லிப்ரே ஆபீஸில் மூல ஃபைலைத் திறந்து, பாமினி துண்டுகளை மட்டும் மாற்றி, ஆங்கிலத் துண்டுகளைத் தொடாமல் விட்டேன். இனிஷியல்கள் திரும்பி வந்தன.

ஃப்ளாப்பியில் வெறும் டெக்ஸ்டாகவே சேமித்த பட்டியல்களும் சில உண்டு. அவற்றில் ஃபான்ட் பதிவு கிடையாது, ஆகவே எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. அவற்றைப் பழைய பிரிண்டோடும், அந்தக் கணக்கரின் ஞாபகத்தோடும் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மூல ஃபைல், பாமினி ஃபான்ட் ஃபைல், பிரிண்டின் ஸ்கேன் மூன்றும் இப்போது ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன.