கொடுத்தவள் நிற்கும் பாறை

ஈகையைக் கல்லில் வடிப்பது சிற்பிக்குப் பெரிய சோதனை. கொடுக்கும் கையைச் செதுக்கினால் அது தற்புகழ்ச்சியாகிவிடும். வாங்கும் கையைச் செதுக்கினால் வாங்குகிறவர் சிறுத்துப்போவார். இந்த இரண்டையும் தவிர்த்த ஒரு சிற்பம் குழித்துறைக்குப் பக்கத்திலேயே, மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவில், சிதறால் மலைமேல் இருக்கிறது.

கல்வெட்டுகள் திருச்சாரணத்துமலை என்று சொல்லும் இந்தக் குன்றில் பெரும்பாறை ஒன்று கவிந்து இயற்கையாகவே ஒரு குகை அமைந்திருக்கிறது. அதன் பாறை முகத்தில் 9ஆம் நூற்றாண்டை ஒட்டிய சமணப் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்கள் சிறியவர்கள். நாகம் குடை பிடிக்க நிற்கும் பார்சுவநாதர் உயரமானவர். வருகிறவர்களின் கண் முதலில் அவரிடம்தான் போகும். நான் நிற்கச் சொல்வது அம்பிகையின் முன்னால்.

அம்பிகை யார் என்பதைச் சமண மரபு இப்படிச் சொல்கிறது. ஒரு வைதிகரின் வீட்டில் திதி. விருந்தினர் இன்னும் இலையில் உட்காரவில்லை. நோன்பிருந்து வந்த சமணத் துறவி ஒருவர் வாசலில் பிச்சைக்கு நிற்கிறார். வீட்டுக்காரி சமைத்ததில் ஒரு பங்கை அவருக்கு இட்டுவிடுகிறாள். கணவன் கோபத்தில் அவளை இரண்டு பிள்ளைகளோடு வெளியே விரட்டுகிறான். வழியில் பிள்ளைகளுக்குப் பசி எடுக்க, பட்டுப்போன மாமரம் காய்த்துக் கொடுக்கிறது. பின்னர் மனம் மாறிய கணவன் தேடிக்கொண்டு வருகிறான். அடிக்கத்தான் வருகிறான் என்று அஞ்சி அவள் உயிரை விடுகிறாள். அவள் இயக்கி என்னும் தெய்வமாகிறாள், அவனும் இறந்து அவளுக்கு வாகனமான சிங்கமாகிறான்.

இந்தக் கதையில் செதுக்குவதற்கு எத்தனையோ காட்சிகள் இருக்கின்றன. வாசலில் துறவி, ஓங்கிய கை, தெருவில் அழும் பிள்ளைகள். சிதறால் சிற்பி ஒன்றையும் தொடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நிற்கும் பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டான். இடை லேசாக ஒசிந்த நிலை; பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், ஒரு பணிப்பெண், சிங்கம். அவள் முகத்தில் வெற்றியும் இல்லை, குறையும் இல்லை. சோறிட்ட செயல் கல்லில் எங்கும் கிடையாது. கதை தெரிந்தவர் மனத்தில்தான் அது நடக்கிறது. கதை தெரியாதவருக்கும் ஒரு தாயின் அமைதி கிடைத்துவிடும்.

சிங்கத்தைத்தான் மேலும் பார்க்க வேண்டும். கொடுத்ததற்காக அவளை விரட்டியவன் அது. பிந்தி வந்த மனசாட்சிக்கு இதைவிட நல்ல உருவம் எனக்குத் தெரியாது. சிற்பி அதை அவள் காலில் விழவைக்கவில்லை, பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறான். ஒரே சட்டகத்தில் ஈகையும் வருத்தமும் மன்னிப்பும் சேர்ந்து நிற்கின்றன.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் முகப்பில், 1487 வாக்கில் ஆந்திரேயா தெல்லா ரோபியா துணி சுற்றிய கைக்குழந்தைகளைச் சுடுமண்ணில் வட்டவட்டமாகப் பதித்தார். டப்ளின் ஆற்றங்கரையில் 1997இல் ரோவன் கில்லெஸ்பி பஞ்சத்தில் மெலிந்தவர்களை வெண்கலத்தில் நடக்கவிட்டார். அவை துயரத்தைக் காட்டி நெஞ்சைத் தொடுகின்றன, சிறந்த வேலைப்பாடுகள்தாம். சிதறாலின் வழி வேறு. துயரப்படுகிறவரைக் காட்சிப்பொருளாக்காமல், கொடுத்தவர் எப்படி நிற்பார் என்று காட்டுகிறது.

சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில் சில பெயர்கள் உண்டு. அச்சணந்தி, திருநறுங்கொண்டை மேலைப்பள்ளி வீரநந்தி அடிகள் என்று செய்வித்தவர்களின் பெயர்கள். திருநறுங்கொண்டை இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த துறவி தென்கோடிப் பாறையில் ஓர் உருவம் செய்வித்துவிட்டுப் பெயரைக் காலடியில் ஒரு வரியாக வைத்திருக்கிறார். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குறத்தியார் என்னும் பெண் துறவி இம்மலைத் தெய்வமான பட்டாரியாருக்குப் பொன் அணி கொடுத்ததையும் ஒரு கல்வெட்டு சொல்கிறது. சோறிட்டவளின் மலையில் இன்னொரு பெண்ணின் கொடையும் கல்லில் ஏறியது பொருத்தம்தான்.

சிதறாலில் பார்ப்பவர் மனத்தால் நிறைவு செய்வதைத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கையால் செய்யலாம். பிரகாரத் தூண்தோறும் பாவை விளக்குகள். இரு கையிலும் அகலை ஏந்திய பெண்கள், கொண்டையிலும் நகையிலும் ஒருத்தியைப் போல் ஒருத்தி இல்லை. சிற்பி அகலைக் குழித்து வெறுமையாக விட்டிருக்கிறான். எண்ணெய் ஊற்றித் திரியிட யாராவது வந்தால்தான் அந்தச் சிற்பம் நிறைவு பெறும். ரசிகர் பாதி, சிற்பி பாதி.

முகமே இல்லாத அறக்கல்லும் இந்த மண்ணில் உண்டு. கருவோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரம் நிறுத்திய சுமைதாங்கி: இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியது. இறக்கிவைக்க முடியாமல் போனவளின் பெயரால் வழிப்போக்கர் சுமையை இறக்கிவைத்தார்கள். உளி அதிகம் படாத கல்லும் கருணை பேசும் என்பதற்கு அது போதும்.

அறச்சிற்பத்தைக் கண்ணீரால் அளப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பார்த்தவர் பிறகு என்ன கொடுத்தார் என்பதே அளவுகோல். அப்படி அளந்தால் சிதறாலுக்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் வைப்பேன். அங்கே போகிறவர்கள் அந்திச் சூரியனைப் பார்த்ததோடு இறங்கிவிடாமல் அம்பிகையின் பக்கத்துச் சிங்கத்தையும், பாறையின் அடிவரிப் பெயர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். அன்று வீட்டில் ஓர் இலை கூடுதலாகப் போடத் தோன்றினால், தயங்காமல் போடுங்கள்.