பார்த்தார், பேசவில்லை

1996 ஜூலை 26. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கொலம்பஸ் நகரம், கோல்டன் பார்க் மைதானம். அட்லாண்டா ஒலிம்பிக்கின் சாப்ட்பால் ஆட்டங்கள் நடந்தது அங்கேதான். பெண்கள் சாப்ட்பால் ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் ஆண்டு அது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மோதுகின்றன. ஐந்தாவது இன்னிங்ஸில், இரண்டு பக்கமும் ரன் எடுக்காத நிலையில், அமெரிக்காவின் டானி டைலர் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஹோம் ரன். மூன்று பேஸ்களையும் சுற்றிக்கொண்டு வந்தார். சக வீராங்கனைகள் ஹோம் பிளேட்டைச் சூழ்ந்து நிற்க, அவர்கள் கையில் கை தட்டிய உற்சாகத்தில் கடைசி அடியை பிளேட்டின்மேல் வைக்காமல் தாண்டிவிட்டார்.

இந்த இடத்தில் நடுவரின் வேலை என்ன? சும்மா நிற்பது. கை தூக்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, ‘ஐயோ’ என்ற பாவம்கூட முகத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. எதிரணி வந்து கேட்டால்தான் பதில். ஆஸ்திரேலியா கேட்டது. டைலர் அவுட், ரன் ரத்து.

ஏழு இன்னிங்ஸில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. பத்தாவது இன்னிங்ஸில் அமெரிக்கா ஒரு ரன் எடுத்து முன்னிலை. அமெரிக்கப் பிட்சர் லிசா பெர்னாண்டஸ் அதுவரை 29 பேட்டர்களை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் விழுந்தால் வெற்றி. ஜோன் பிரவுன் அடித்தார், வேலிக்கு வெளியே. சமநிலை முறிப்பு விதிப்படி இரண்டாம் பேஸில் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்த ரன்னரும் சேர்ந்து வந்துவிட, ஆஸ்திரேலியா 2-1.

டைலரின் கால் பிளேட்டில் பட்டிருந்தால் அந்தப் பத்தாவது இன்னிங்ஸே வந்திருக்காது. அந்தக் கதை முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் பிடித்தது, யாரும் கவனிக்காத நடுவரின் மௌனம்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பந்து மட்டையின் விளிம்பை உரசிக் கீப்பர் கைக்குப் போனது அம்பயருக்குத் துல்லியமாகக் கேட்டிருக்கலாம்; பீல்டிங் பக்கம் ஒருவரும் ‘ஹவ்ஸ் தட்’ என்று கேட்காவிட்டால் அவர் விரலைத் தூக்க முடியாது. சாப்ட்பாலில் அந்த நியாயம் எல்லா அவுட்டுக்கும் கிடையாது. பேஸை மிதிக்காமல் போவது, கேட்ச் பிடிக்கப்படும் முன்பே பேஸை விட்டு ஓடுவது, பேட்டிங் வரிசை மாறி இறங்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். அதுவும் கெடுவோடு. அடுத்த பந்து வீசப்படும் முன் கேட்க வேண்டும். அந்தப் பந்து முறையாக வீசப்பட்டதா இல்லையா என்பதுகூடக் கணக்கில்லை, வீசியாயிற்று என்றால் உரிமை போயிற்று. இன்னிங்ஸ் முடிந்து பிட்சரும் உள்வட்ட வீராங்கனைகளும் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியேறிவிட்டாலும் அப்படித்தான்.

பேஸ்பாலில் இந்த முறையீட்டுக்குப் பந்து ஆட்டத்தில் இருந்தாக வேண்டும். சாப்ட்பாலில் ஆட்டம் நின்றிருக்கும்போதே, கையில் பந்துகூட இல்லாமல், ஒரு வீராங்கனை நடுவரிடம் போய் வாயால் சொன்னால் போதும். பேஸ்பாலிலிருந்து சாப்ட்பாலுக்கு வரும் நடுவர்கள் இடறும் படிக்கட்டு இது.

பேட்டிங் வரிசை விஷயத்தில் மௌனம் இன்னும் கனமானது. நான்காவதாக வர வேண்டியவர் இருக்க ஐந்தாமவர் இறங்கிவிட்டார். நடுவர் கையிலேயே பட்டியல் இருக்கிறது. ஸ்கோரரும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். இருவரும் வாய் திறக்கக் கூடாது. பேட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே தெரியவந்தால் சரியானவர் வந்து, அதுவரை விழுந்த பால், ஸ்டிரைக் கணக்கோடு தொடரலாம். தவறாக இறங்கியவர் ஆடி முடித்த பிறகு, அடுத்த பந்துக்கு முன் எதிரணி கேட்டால், உண்மையில் இறங்கியிருக்க வேண்டியவர் அவுட். மற்றவர் அடித்ததால் வந்த ரன் செல்லாது. அடுத்த பந்தும் வீசப்பட்டுவிட்டால் நடந்தது நடந்ததுதான்.

அதே பட்டியலை வைத்துத்தான் சமநிலை முறிப்பு இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் யார் நிற்க வேண்டும் என்பதும் முடிவாகிறது. அங்கே ஆள் மாறி நின்றால், அமெரிக்க விதித்தொகுப்பின்படி, நடுவரே சொல்லித் திருத்தலாம், தண்டனை கிடையாது. ஒரே காகிதம், ஒரே தவறு, ஒரு இடத்தில் ஊமை, இன்னொரு இடத்தில் வழிகாட்டி. இதில் தர்க்கம் இருக்கிறது: ரன்னரை நிறுத்துவது நிர்வாக ஏற்பாடு, பேட்டிங் வரிசை ஆட்டத் தந்திரம். ஆனாலும் முதல் முறை படிக்கும்போது எரிச்சல் வரும்.

மௌனம் குற்றமாகும் இடங்களும் உண்டு. முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ரன்னர்கள் (அல்லது மூன்றும் நிரம்பியிருக்கிறது), இரண்டு அவுட் ஆகவில்லை. பேட்டர் பந்தை உள்வட்டத்துக்கு மேலே செங்குத்தாகத் தூக்கிவிடுகிறார். ஷார்ட்ஸ்டாப் சாவகாசமாக அடியில் வந்து நிற்கிறார். பிடித்தால் ஒரு அவுட். வேண்டுமென்றே நழுவவிட்டால்? பிடிபடும் என்று நினைத்துப் பேஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ரன்னர்களும் திடீரென்று ஓடியாக வேண்டும். இரண்டு அவுட் சுலபமாகக் கிடைக்கும். நேர்மையாகப் பிடித்தவருக்கு ஒன்று, ஏமாற்றியவருக்கு இரண்டு. இதைத் தடுக்கத்தான் இன்பீல்ட் பிளை விதி. பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதே நடுவர் ‘இன்பீல்ட் பிளை, பேட்டர் அவுட்’ என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். பந்து கோட்டுக்கு அருகில் என்றால் ‘உள்ளே விழுந்தால்’ என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்வார். பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட் என்று தெரிந்த பிறகு ரன்னர்களுக்கு ஓடியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

மட்டமாகச் சீறும் அடிக்கும், பன்ட் செய்து தூக்கிய பந்துக்கும் இது பொருந்தாது. பிடிக்கக்கூடியவர் உள்வட்டக்காரராகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவர் நிற்கும் இடம் உள்வட்டமாக இருக்க வேண்டியதில்லை. சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடியதா என்பதுதான் அளவுகோல். தேர்வுத் தாளில் இதைச் சரியாக எழுதும் நடுவர்கள் ஏராளம். பந்து மேலே இருக்கும் மூன்று நான்கு விநாடிகளில் எத்தனை அவுட், எந்தெந்த பேஸில் ஆள், காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் மனதுக்குள் ஓடி, வாயிலிருந்து சத்தம் வர வேண்டும் என்பதுதான் சங்கடம். அதனால்தான் அனுபவசாலிகள் பந்து வீசப்படும் முன்பே சக நடுவருக்குக் கைச்சாடை காட்டி, ‘விதி இப்போது நடப்பில் இருக்கிறது’ என்று நினைவூட்டிக்கொள்கிறார்கள்.

பேசுவதற்கும் பேசாமலிருப்பதற்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: இடது கை. தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால், ‘குற்றத்தைப் பார்த்துவிட்டேன், ஆட்டம் ஓடட்டும், பிறகு தீர்ப்பு’ என்று பொருள். பந்து கையில் இல்லாமலே ரன்னரின் பாதையை மறிக்கும் வீராங்கனைக்கு இந்தக் கை நீளும். பந்து வந்துகொண்டிருக்கிறது என்பதே ஒரு காலத்தில் போதுமான சாக்காக இருந்தது. இப்போது பந்து கையில் இருந்தாக வேண்டும். மறிக்கப்பட்டவர் எந்த இரண்டு பேஸ்களுக்கு நடுவே மறிக்கப்பட்டாரோ அங்கே அவரை, சில விதிவிலக்குகள் தவிர, அவுட் ஆக்க முடியாது. ஆட்டம் அடங்கியதும், தடை இல்லாவிட்டால் அவர் எதுவரை போயிருப்பார் என்று நடுவர் கணித்து அந்த பேஸைக் கொடுப்பார். கையை நீட்டிய அவசரத்தில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டால், நான்கு பேஸ் ஓடியிருக்கக்கூடிய அணிக்கு நடுவரே இரண்டில் கதவைச் சாத்தியதாகிவிடும்.

முறையற்ற வீச்சுக்கும் இதே இடது கைதான். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி. நல்ல வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்கும் குறைவாகத்தான் காற்றில் இருக்கும். அமெரிக்காவின் மோனிகா அபட் 2012-இல் மணிக்கு 77 மைல், அதாவது ஏறத்தாழ 124 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக் கின்னஸில் இடம்பிடித்தார். அந்தக் கண்ணிமைப்பில் பிளேட் நடுவர் பந்தைப் பார்க்க வேண்டும். பேஸ் நடுவர் பிட்சரின் பின்னங்காலைப் பார்க்க வேண்டும். முறையற்ற வீச்சைப் பேட்டர் அடித்து, அவரும் முதல் பேஸை அடைந்து, மற்ற ரன்னர்களும் ஆளுக்கு ஒரு பேஸாவது முன்னேறிவிட்டால் குற்றம் மன்னிக்கப்படும். இல்லையென்றால் பேட்டிங் அணியின் பயிற்சியாளர் முடிவு செய்வார்: நடந்ததை வைத்துக்கொள்ளலாம், அல்லது தண்டனையைக் கேட்கலாம். இப்படி ஒரு தேர்வு பயிற்சியாளருக்கு இருப்பதையே மறந்து, தாமாகவே தண்டனையை அறிவித்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

பின்னங்கால் சமாசாரத்தில் கடந்த சில ஆண்டுகளாக விதி தளர்ந்து வருகிறது. வீசும்போது இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பினால் பெண்கள் ஆட்டத்தில் முன்பு குற்றம். ஆண்கள் சர்வதேச ஆட்டத்தில் அது எப்போதோ அனுமதிக்கப்பட்டுவிட்டது. இப்போது பெண்களுக்கும் உலக அமைப்பு கதவைத் திறந்திருக்கிறது. எழும்பிவிட்டு, பலகைக்கு முன்னால் வேறொரு இடத்தில் காலை ஊன்றி அங்கிருந்து உந்தி வீசுவது மட்டும் இன்னும் குற்றம். காக்கைத் தத்தல் என்று அதற்குப் பெயர். தளர்த்தியது நல்லதே என்பேன். ஒரு அங்குல இடைவெளியை ஐம்பது அடி தூரத்திலிருந்து பார்க்கச் சொன்னால், ஒருவர் ஆட்டத்துக்குப் பத்து முறை கை நீட்டுவார், இன்னொருவர் ஆண்டுக்கு ஒரு முறைகூட நீட்டமாட்டார்.

எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது லுக் பேக் விதி. மூன்றாம் பேஸில் ஒரு ரன்னர். பேட்டருக்கு நான்காவது பால் விழுந்து, முதல் பேஸ் இலவசம். அவர் மெல்ல ஓடி வருகிறார், முதல் பேஸை மிதிக்கிறார், நிற்கவில்லை. வளைந்து இரண்டாம் பேஸை நோக்கிப் போகிறார். தூண்டில் அது. பிட்சர் பதறி அங்கே எறிந்தால் மூன்றாம் பேஸில் இருப்பவர் ஹோம் பிளேட்டுக்கு ஓடிவிடுவார். பிட்சரோ 8 அடி ஆரமுள்ள தன் வட்டத்துக்குள் பந்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். பாதி வழியில் பேட்டர் நிற்கிறார். ஒருமுறை நிற்கலாம். நின்றதும் உடனே முன்னே போக வேண்டும், அல்லது பின்னே திரும்ப வேண்டும். ஊசலாடினால் அவுட்.

‘உடனே’ என்றால் எத்தனை விநாடி? புத்தகத்தில் இல்லை. அவர் மூச்சு விடுகிறார், பிட்சரைப் பார்க்கிறார். பேஸ் நடுவரின் கண் அவர் காலிலேயே இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பிட்சர் எறிவதுபோல் கையை ஓங்கினால் போச்சு: அது ஆட்ட முயற்சி, கட்டுப்பாடு விலகிவிடும், ரன்னர் இஷ்டம்போல் ஆடலாம். கை ஓங்கியதா, வெறுமனே கையுறையிலிருந்து பந்தை எடுத்தாரா? அதற்குள் மூன்றாம் பேஸில் இருப்பவர் ஒரு அடி வெளியே வந்து நின்றுவிட்டால் அவர் கதை தனி. அதைப் பிளேட் நடுவர் பார்க்க வேண்டும். மீறல் நடந்த கணமே பந்து செத்ததாக அறிவிக்க வேண்டும். இங்கே முறையீடு இல்லை, இடது கை இல்லை, காத்திருப்பு இல்லை. இரண்டு ரன்னர்களும் ஒன்றாகத் தப்பு செய்தாலும் அவுட் ஒருவர்தான், ஏனென்றால் முதல் அவுட்டோடு ஆட்டம் நின்றுவிடுகிறது.

விதியை அறிந்தவர் அமைதியாக இருந்ததால் அழகாக முடிந்த ஆட்டமும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை 27, யோகோஹாமா. இறுதி ஆட்டத்தில் ஜப்பான் 2-0 என முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் அமெரிக்காவின் அமாண்டா சிடெஸ்டர் அடித்த பந்து அம்புபோல மூன்றாம் பேஸ் பக்கம் பாய்ந்து, யூ யமமோட்டோவின் கையில் மோதித் தெறித்தது. தெறித்த பந்தைத் தரையில் விழுமுன் ஷார்ட்ஸ்டாப் மனா அட்சுமி அள்ளி, இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். இரண்டு அவுட். ஒரு வீராங்கனை மேல் பட்டுத் தெறித்த பந்து இன்னும் காற்றில் இருக்கும் பந்துதான்; யார் பிடித்தாலும் கேட்ச். அதே பந்து நடுவர் மேல் பட்டுத் தெறித்திருந்தால் கேட்ச் கிடையாது. ரன்னர் பேஸை விட்டுப் புறப்படலாம் என்ற கணமும் பந்து பிடிபட்டபோது வருவதில்லை, முதல் கையில் பட்டபோதே வந்துவிடுகிறது. ஆட்டம் அதே 2-0 என்று முடிந்து ஜப்பானுக்குத் தங்கம்.

விதியைத் தவறாகப் பொருத்தினால் அணிகள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். கண் பார்த்ததைப் பற்றிய தீர்ப்புக்கு ஆட்சேபம் கிடையாது. கொலம்பஸ் மைதானத்திலேயே அதற்கும் உதாரணம் நடந்தது. டைலரின் ரன் போன நான்காம் நாள், ஜூலை 30 அன்று, அமெரிக்காவும் சீனாவும் இறுதி ஆட்டத்தில். அமெரிக்காவின் டாட் ரிச்சர்ட்சன் அடித்த பந்து வலது எல்லைக் கம்பத்தை ஒட்டி வேலியைத் தாண்டியது. உள்ளேயா வெளியேயா? வெளியேதான் என்று சீனத் தரப்பு பொங்கியது, ஆட்டம் சற்று நேரம் நின்றது. நடுவர் உள்ளே என்றார். அது கண்ணின் தீர்ப்பு; விதிப் புத்தகத்தைத் திறந்து காட்ட அங்கே பக்கம் எதுவும் இல்லை. இரண்டு ரன் சேர்ந்தது, ஆட்டம் 3-1 என்று முடிந்தது. டானி டைலர் கழுத்திலும் தங்கப் பதக்கம் விழுந்தது.