டப்பாவில் கெட்டி, வாளியில் தண்ணி

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் காலை பத்து மணிக்கு மேல் டின்டிங் மெஷினுக்கு ஓய்வில்லை. அடர்நிறத்துக்கான டீப் பேஸ் டப்பாவின் மூடியில் துளை போட்டு அடியில் வைக்கிறார்கள். கலர் நம்பரைத் தட்டியதும் மேலிருந்து சிவப்பும் கருப்பும் நூலாக இறங்குகின்றன. அப்புறம் ஷேக்கரில் சில நிமிஷம் குலுக்கல். பெயிண்டர் மூடியைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டுத் தூக்கிப் பார்க்கிறார். மெஷினுக்குப் போகுமுன் தயிராக நின்ற பேஸ் இப்போது மோராக வழிகிறது. கம்பெனியில் தண்ணி கலந்துவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடந்தது வேறு. டப்பாவுக்குள் ஒரு பிடிமானம் அவிழ்ந்திருக்கிறது.

அந்தப் பிடிமானத்தைத் தருவது திக்னர் என்னும் கெட்டியாக்கும் பொருள். நூறு கிலோ எமல்ஷனில் அதன் சத்து பெரும்பாலும் ஒரு கிலோகூட வராது. ஆனாலும் பெயிண்ட் ரோலரில் ஒட்டுவதும், சுவரில் படர்வதும், வழியாமல் நிற்பதும் அதன் கையில்தான் இருக்கிறது.

பழைய திக்னர்கள் கஞ்சியின் உறவினர்கள். சோற்றுக் கஞ்சியில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்புகிறது, அதனால் நீர் கெட்டியாகிறது. எமல்ஷனில் பல காலமாகப் போடப்படும் ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. நீளமான சங்கிலிகள் தண்ணீரில் விரிந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எச்சில் பட்ட கஞ்சி சீக்கிரம் நீர்த்துவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எச்சிலில் இருக்கும் நொதி மாவுச்சத்தை வெட்டுகிறது. செல்லுலோஸ் திக்னருக்கும் அதே கதிதான். டப்பாவுக்குள் கிருமி புகுந்து செல்லுலேஸ் நொதியைச் சுரந்தால், கெட்டி பெயிண்ட் நாற்றமெடுத்து நீராகிவிடும். நீளச் சங்கிலிக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. ரோலர் சுவரை விட்டுப் பிரியும்போது அது நூல் நூலாக இழுபட்டு அறுந்து, பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். கூரைக்கு அடிக்கும் பெயிண்டரின் முகத்தில் விழும் புள்ளிகளில் பல இப்படி வந்தவை.

இதற்கு மாற்றாகத்தான் நீர்விரும்பும் பாலிமரில் நீரை வெறுக்கும் துண்டுகளை ஒட்டவைக்கும் வழி பிறந்தது. 1978இல் அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்துக்கு யூரித்தேன் திக்னருக்கான காப்புரிமை கிடைத்தது. 1980இல் ஹெர்குலிஸ் நிறுவனம் செல்லுலோஸிலேயே நீர்வெறுக்கும் வால்களைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றது. யூரித்தேன் வகையின் அமைப்பு எளிது. நடுவில் தண்ணீரில் கரையும் பாலிஎத்திலீன் கிளைகால் சங்கிலி, இரு முனையிலும் எண்ணெய்த் தன்மையுள்ள வால். வால்களுக்குத் தண்ணீர் ஆகாது. அவை ஒன்றோடொன்று கூடிக் கொத்தாகின்றன, பெயிண்டில் மிதக்கும் பிசின் துகள்களின் மேலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு முனை இந்தக் கொத்தில், மறு முனை அடுத்த கொத்தில் என்றால் அங்கே ஒரு பாலம் உண்டாகிறது. இப்படி ஆயிரமாயிரம் பாலங்கள் சேர்ந்தால் முழு டப்பாவும் ஒரே வலை. பாலங்கள் நொடிக்கு நொடி அவிழ்ந்து மறுபடி கட்டிக்கொள்வதால் பிரஷ்ஷின் தடம் தானே சமமாகிறது. சங்கிலி குட்டையானது, எனவே ரோலரில் நூல் இழுப்பதில்லை. செல்லுலேஸ் இதைத் தொடாது. ஒரே கோட்டில் ஏறும் படலத்தின் கனமும் கூடுகிறது. பளபளப்பான உட்சுவர் எமல்ஷன் இன்று கண்ணாடி போல் படிவதில் இந்த வேதியியலுக்குப் பெரிய பங்குண்டு. இந்தச் சிறப்பைக் குறைத்துப் பேச இடமே இல்லை.

சிக்கல் அந்தப் பாலங்களின் இயல்பில் இருக்கிறது. டின்டிங் மெஷினில் இருக்கும் கலரன்ட்டில் நிறமியோடு சோப்பு வகை மூலக்கூறுகளும் தாராளமாக உண்டு. அவை இல்லாமல் நிறமி பிரிந்து நிற்காது. பேஸில் விழுந்ததும் அந்த மூலக்கூறுகள் திக்னரின் வால்களைச் சூழ்ந்துகொள்கின்றன, துகள்களின் மேல் வால்கள் ஒட்டியிருந்த இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. வாலுக்கு இனி வேறு வாலின் துணை தேவையில்லை, பாலம் விடுபடுகிறது. வெளிர் நிறத்துக்குக் கலரன்ட் கொஞ்சம்தான், பாதிப்பும் கொஞ்சம். அடர்சிவப்புக்கும் கருநீலத்துக்கும் அது நிறைய இறங்குகிறது. பெயிண்டின் கெட்டித்தன்மையை கிரெப்ஸ் அலகில் அளப்பார்கள்; ஆலையில் நூறாக இருந்தது கடையில் இருபது அலகு வரை குறைந்துவிடுவது இந்தத் தொழிலில் அறிந்த விஷயம். வாலை நீளமாக்கினால் பிடி இறுகும், ஆனால் சுவரில் சமமாகப் படியும் குணம் குறையும். இரண்டும் ஒருசேர எளிதில் கிடைப்பதில்லை.

அடுத்தது பெயிண்டரின் மக்கு. நம் ஊர் எமல்ஷனில் லிட்டருக்கு 400 மில்லி வரை தண்ணீர் சேர்க்கச் சொல்வது வழக்கம். டிஸ்டம்பரில் பழகிய கையோ ‘ஓடுற பதம்’ வரும்வரை ஊற்றும். செல்லுலோஸ் இதை ஓரளவு தாங்கும். கஞ்சியில் ஒரு செம்பு தண்ணீர் கூடினால் கஞ்சி இளகும், அவ்வளவுதான். பாலம் கட்டும் பாலிமர் அப்படிப் படிப்படியாக இறங்குவதில்லை. நீர்க்க நீர்க்கக் கொத்துகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. எட்டாத தூரத்துக்குப் போனதும் சங்கிலி தன் இரு முனைகளையும் ஒரே கொத்துக்குள் மடக்கிக்கொள்கிறது. அந்த உருவம் இதழ் விரித்த பூ போல இருப்பதால் ஆய்வாளர்கள் அதைப் பூ மிசெல் என்கிறார்கள். பெயர் அழகு, ஆனால் பூவாக மடங்கிய சங்கிலி பாலமாக நிற்காது. வாளியில் கடைசி அரை மக்கு விழுந்ததும் பெயிண்ட் திடீரென்று தண்ணியாவது இதனால்தான்.

ஊற்றும் தண்ணீர் எது என்பதும் முக்கியம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வீடுகள் பலவற்றில் போர்த் தண்ணீர் உப்பு; வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படிவாக அது தெரியும். யூரித்தேன் வகை மின்னேற்றம் இல்லாதது, உப்பைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். விலை குறைந்த பெயிண்டுகளில் போகும், காரத்தில் விரியும் அக்ரிலிக் வகைத் திக்னரில் சங்கிலி முழுக்க எதிர்மின்னேற்றம். கால்சியமும் மெக்னீசியமும் வந்ததும் விரிந்த சங்கிலி சுருங்குகிறது. சிக்கனமாக வீடு கட்டுகிறவர்தான் இந்தப் பெயிண்டை வாங்குகிறார், போர்த் தண்ணீரும் அவர் வீட்டில்தான்.

மூன்றாவது வெயில். பூந்தமல்லி தாண்டிப் பெங்களூரு சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஏஷியன் பெயின்ட்ஸின் ஆலை 2005இல் தொடங்கியது. அங்கிருந்து அம்பத்தூருக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் மே மாதம் ஷீட் கூரைக் குடோனில் டப்பா கிடந்தால் சூடு ஏறும், பாலங்கள் அவிழும் வேகமும் ஏறும். காலையில் நின்ற பெயிண்ட் மதியம் மேற்குச் சுவரில் வழியும்.

நிறமும் தண்ணீரும் சூடும் சேர்வது டப்பா ஆலையை விட்டு வெளியேறிய பிறகுதான். கெட்டித்தன்மையை அளந்து முத்திரை குத்துவதோ அதற்கு முன்பு. நீர்க்காமல் அப்படியே அடிக்கும் நாடுகளின் பழக்கத்தில் வளர்ந்த சோதனை, மக்கு மக்காக ஊற்றும் ஊருக்குப் போதாது. செல்லுலோஸும் பாலம் கட்டும் பாலிமரும் கலந்து போடும் சூத்திரங்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. அவற்றைப் பழைய சரக்கு என்று ஒதுக்குவது தவறு. ரோலரில் நாலு புள்ளி தெறித்தாலும், நீர்த்த பிறகும் சுவரில் நிற்கும் பெயிண்டே இங்கே நல்ல பெயிண்ட். வழிந்த சுவருக்கு வீட்டுக்காரர் திட்டுவது பெயிண்டரைத்தான், மறு கோட்டு அடிக்கும் கூலி பிடிக்கப்படுவதும் அவரிடம்தான். திக்னரைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதே இல்லை.

வழி கடினமானதல்ல. அடர்நிறக் கலரன்ட் முழு அளவு சேர்த்து, போர்த் தண்ணீரில் நாற்பது சதவீதம் நீர்த்து, 40 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் கெட்டித்தன்மையை ஸ்டார்மர் விஸ்கோமீட்டரில் அளக்கலாம். வந்த எண்ணை டப்பாவில் அச்சடிக்கலாம். அதுவரை பெயிண்டரால் முடிந்தது ஒன்றுதான்: அடர்நிறமென்றால் பாதி மக்கோடு நிறுத்தி, நன்றாகக் கலக்கி, ஒரு முழச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு மீதியை ஊற்றுவது.