மே மாதத்தில் யார் இருக்கிறார்கள்?

பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் செய்ய நினைப்பது பாடம் சொல்லித் தருவதைத்தான். ஆங்கிலம், கணக்கு, கொஞ்சம் கம்ப்யூட்டர். சனி, ஞாயிறுகளில் மதுரையிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி வருகிறார்கள். இரண்டு மணிநேரம் வகுப்பெடுத்து, பேனாவும் நோட்டும் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கேலி செய்வது சுலபம். ஆனால் வருகிறவர்களின் மனசில் குறையில்லை. அவர்கள் வருகிற நாள்தான் தப்பு.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளையின் படிப்பு எந்த இடத்தில் அறுகிறது என்று பாருங்கள். கம்பம், கூடலூர், போடிப் பக்கமிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகின்றன. அம்மா அதில் ஏறிவிட்டால் தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் மூத்த பெண்ணின் பொறுப்பு. காய் எடுப்பு மும்முரமாகி அம்மா தோட்டத்திலேயே தங்கிவிட்டால், வீட்டில் துணைக்கு அம்மாச்சி மட்டும். பிள்ளை முதலில் பிரேயர் முடிந்து வருவாள். பிறகு வாரத்தில் ஒருநாள் வரமாட்டாள். இருந்தும் பத்தாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் எப்படியோ இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.

அறுவது அதற்குப் பிறகு. ரிசல்ட் மே மாதம் வருகிறது. பள்ளி பூட்டிக் கிடக்கிறது, டீச்சர் சொந்த ஊருக்குப் போயிருப்பார், தன்னார்வலருக்கும் அதுதான் லீவு. வீட்டுக்குள் பேச்சு நடப்பது சரியாக அந்த வாரங்களில்தான். மாமன் வீட்டிலிருந்து சேதி வரும். நூற்பாலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் வருவார்: மூன்று வருசம் ஹாஸ்டலில் தங்கி வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இதற்கு இருந்த சுமங்கலித் திட்டம் என்ற பெயர் கெட்டுப்போன பிறகு அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் குறைந்திருக்கலாம், ஆசை காட்டும் முறை பழையதுதான். ஏழை வீட்டு வருசத்தில் எந்த வாரம் இளகிய வாரம் என்பது தொண்டு செய்ய வருகிறவரைவிட ஏஜென்டுக்கு நன்றாகத் தெரியும்.

இதனால் சாயங்கால வகுப்பு வீண் என்றாகிவிடாது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியை எடுத்துக்கொள்ளலாம். அதே தெருவில் இருக்கும் படித்த பெண், பள்ளி விட்டபின் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லித் தந்தார். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைத் தமிழகக் கிராமப் பிள்ளைகள் எவ்வளவு மீட்டார்கள் என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அளந்தபோது, மீண்டதில் ஏறக்குறைய கால்பங்கு இந்த வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். சொல்லித் தந்த பெண் ஊர்க்காரியாக இருந்ததே அவருடைய பலம். பிள்ளை வரவில்லையென்றால் வீட்டு வாசலில் போய் நின்று, "ஏன் அத்தை, புள்ள எங்க?" என்று கேட்க அவரால் முடியும். மதுரைக்காரரால் முடியாது.

குறையையும் சொல்ல வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பட்டதாரிப் பெண்களிடம் வேலை வாங்கிவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயர் வைப்பது எனக்கு உறுத்துகிறது. அதோடு, அந்தச் சாயங்கால வகுப்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரமோ கல்லூரியில் சேர்ந்தபிறகு. சைக்கிள் பிளஸ் ஒன்னில் சேர்ந்தால். இடைநிற்றலைத் தடுக்கவென்றே பத்துக்கும் பதினொன்றுக்கும் தலா 1,500, பன்னிரண்டுக்கு 2,000 என்று கணக்கில் வைக்கும் பணம் பிளஸ் டூ முடித்தபிறகு. எல்லாம் வாசலைத் தாண்டியவளுக்கு. வாசலில் தயங்கி நிற்பவளுக்கு ஒன்றுமில்லை.

வேறொரு வழியும் இந்த மாவட்டத்தில் உண்டு. இலங்கையில் பணியாற்றிவிட்டு 1960களில் மதுரைப் பக்கம் வந்த வேல்ஸ் நாட்டுத் துறவி, பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன். பெரியகுளத்துக்கு அந்தப்புறம் ஜி. கல்லுப்பட்டியில் 'ரீச்சிங் தி அன்ரீச்ட்' அமைப்பை உருவாக்கினார். வீடு, கிணறு, பள்ளி, வளர்ப்புத் தாயோடு பிள்ளைகள் வாழும் சிறு குடும்பங்கள். வந்தவர் திரும்பிப் போகவில்லை. 2017இல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் ஊர். தங்கியிருப்பது எத்தனை பெரிய தகுதி என்பதற்கு அதைவிட நல்ல சான்று இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அப்படி ஒரு ஆயுளைக் கொடுக்கச் சொல்லி யாரைக் கேட்பது?

ஆயுளைக் கொடுக்க முடியாதவருக்குப் பணம் மட்டும் அனுப்புவது சுலபமான வழி. ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர் என்ற முறை வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது: இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த, 2013இல் வெளியான ஆய்வொன்று, உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் படித்ததாகச் சொன்னது. இங்கே அந்த ஒன்றரை ஆண்டு என்பது ஏறக்குறைய பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவே கிடக்கும் பள்ளம். ஆகவே முறையைத் தள்ள மாட்டேன். அதன் வால்தான் பிடிக்கவில்லை: வருசா வருசம் போட்டோ, நன்றிக் கடிதம், கஷ்டத்தை அழகாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு முதலிடம். வாய்பேசாத பிள்ளை பட்டியலிலேயே ஏறுவதில்லை.

வெளியிலிருந்து வருகிறவருக்கு வேலை இல்லாமலும் இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்தில் ஒரு நாள் கூலியை இழந்து நிற்க முடியாத அம்மாவுக்காக நிற்கலாம். உத்தமபாளையத்திலோ பெரியகுளத்திலோ கல்லூரி விண்ணப்பம் எப்போது முடிகிறது என்று வீட்டில் போய்ச் சொல்லலாம், அரசு விடுதியில் இடம் கேட்டு அலையலாம். போட்டோவுக்கு எடுபடாத வேலைகள். எல்லாம் மே, ஜூனில் வருபவை.

இதிலும் ஒரு எல்லை உண்டு. மில் காட்டும் தொகைக்கு ஈடாக எந்தத் தன்னார்வலரின் பேச்சும் நிற்காது. அதற்கு அரசின் பணம்தான் வேண்டும். 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் பத்தாவது படித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் நிபந்தனை வைத்தது. 2022இல் அதே திட்டம் புதுமைப் பெண் என்ற பெயரில் கல்லூரிப் பெண்ணுக்கான மாதத் தொகையாக மாறியது. மாற்றம் சரியானதே. நடுவில் விட்டுப்போன பதினொன்றாம் வகுப்புக்கு, சேரும் நாளிலேயே கைக்கு வரும்படி ஒரு தொகை வேண்டும் என்று கேட்க, ஜூனில் எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பவில்லை என்ற பட்டியல் தேவை. அதைச் சேகரிக்கத் தன்னார்வலரால் முடியும். பெயர்களை மறைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.