பாடப் புத்தகத்துத் தவளை

கதை எழுதுகிறவன் பாடப் புத்தகத்தை விமரிசனம் செய்யலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் செய்யலாம் என்றுதான் சொல்வேன். நாவல் படிக்காத வீட்டிலும் பாடப் புத்தகம் இருக்கிறது. அதற்கு மதிப்புரை எழுதுகிறவர்கள்தான் அபூர்வம்.

கொடுங்கையூரில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சிறுமி ஒரு நாள் நோட்டும் கையுமாக வந்தாள்.

"மாமா, நான் எழுதினது தப்பாம். மிஸ் இன்ட்டு மார்க் போட்டுட்டாங்க."

உணவுச் சங்கிலி என்று தலைப்பு. அதன் கீழே 'மீந்த சோறு, ஈ, கொக்கு' என்று எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் சரியான விடை: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு.

இந்த ஐந்து பேரும் எனக்குப் பழைய சிநேகிதர்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நானும் இவர்களைத்தான் மனப்பாடம் செய்தேன். கதையாகப் பார்த்தால் பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. பாத்திரங்கள் குறைவு, ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காக வருகிறார்கள். ஆனால் கதைக்கு ஊர் என்று ஒன்று வேண்டும் அல்லவா? இந்தத் தவளை எந்தக் குளத்துத் தவளை? அந்தப் புல் எந்த வயல் வரப்பில் முளைத்தது? யாருக்கும் தெரியாது.

அந்தச் சிறுமிக்கு ஊர் இருக்கிறது. 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் குப்பை மேடு அவள் மாடியிலிருந்து தெரியும். அதற்கு மேலே பருந்துகள் வட்டமிடும். கீழே மாடுகள் மேய, அவற்றின் காலடியில் உண்ணிக்கொக்குகள் ஈ பிடிக்கும். அவள் கண்ணால் கண்டதை எழுதினாள். இலக்கியத்தில் இதை நாம் நேர்மை என்போம். பள்ளிக்கூடத்தில் அதற்கு இன்ட்டு மார்க்!

ஆசிரியை சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சங்கிலி பச்சைத் தாவரத்தில் தொடங்க வேண்டும் என்றாராம். வாஸ்தவம். ஆனால் "சோறு எங்கிருந்து வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நெல் வந்திருக்கும். நெல், மனிதன் மீத்த சோறு, ஈ, கொக்கு. சங்கிலி பூர்த்தி.

இந்த விஷயத்தில் சாஸ்திரத்தை வகுத்தவர்களே சிறுமியின் பக்கம்தான். 1923இல் சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேயர், சம்மர்ஹேஸ் என்ற தாவரவியல் அறிஞரோடு சேர்ந்து, வட துருவத்தை அடுத்த கரடித் தீவின் ஜீவராசிகளில் எது எதைத் தின்கிறது என்று படம் போட்டார். நேரில் போய்ப் பார்த்துப் போட்ட படம். 1927இல் அவர் எழுதிய விலங்குச் சூழலியல் புத்தகத்தில், துருவக் கரடி தின்று விட்டுப்போன சீல் மிச்சத்தில் பிழைக்கும் நரியும் வருகிறது. அங்கே மிச்சம் தின்பது கேவலமில்லை. அப்படியிருக்கக் கொடுங்கையூரில் மட்டும் ஏன் கேவலமாக வேண்டும்?

நம்முடைய பழைய கதைகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பஞ்சதந்திரத்தில் ஒரு கிழட்டுக் கொக்கு, குளம் வற்றப் போகிறதென்று மீன்களை ஏமாற்றி ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்த் தின்கிறது. கடைசியில் நண்டு அதன் கழுத்தை நறுக்குகிறது. அருமையான கதை, ஆனால் அது மனிதர்களைப் பற்றியது. பாடம் என்று கொடுத்தால், கொக்கு மீன் தின்பதே பாவம் என்று குழந்தை நினைத்துவிடும்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரும் ஒரு குருகை நிறுத்தியிருக்கிறார். தலைவன் தன்னைக் கூடியதற்குச் சாட்சி அது ஒன்றுதான் என்கிறாள் தலைவி. ஆனால் அந்தப் பறவையோ ஓடும் நீரில் ஆரல் மீனைத் தேடிக்கொண்டு நிற்கிறது. அது நல்லதுமில்லை, பொல்லாததுமில்லை, பசி, அவ்வளவுதான். மூன்றில் எது நல்ல உயிரியல் பாடம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் கபிலரைக் காட்டுவேன்.

இதெல்லாம் ரசனை விஷயம் மட்டும் அல்ல. பாடப் புத்தகம் கடைசியில் கம்பீரமாக உட்கார்த்தி வைக்கும் கழுகின் இனத்துக்கு என்ன ஆயிற்று? மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறுக் கழுகுகளின் உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களிலிருந்து நம் நாட்டில் அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2004இல்தான் காரணம் புரிந்தது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது. சங்கிலியில் ஒரு கண்ணியில் வைத்த விஷம் அந்தக் கண்ணியோடு நிற்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் அப்பி நின்றன. மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. வடசென்னைப் பிள்ளைக்குப் பாம்பையும் தவளையையும்விட இது அவசரமான பாடம்.

சிறுமியிடம் நெல்லைச் சேர்த்து மறுபடி எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, "சோறு கட்டி வந்த பிளாஸ்டிக் பையை யார் மாமா தின்னும்?" என்றாள்.

மாடு தின்னும், ஆனால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சோற்றை மட்க வைத்து மறுபடி மண்ணாக்கும். பைக்கு முன்னால் அவையும் கைகட்டி நிற்கும். யாருக்கும் உணவாகாத பொருளைத் தினந்தோறும் கொட்டிக்கொண்டே இருந்தால் மேடு வளராமல் என்ன செய்யும்?

இதை அவளிடம் சொன்னேன். எந்தப் பாடப் புத்தகமும் கேட்காத கேள்வியைக் கேட்டதற்காக, அந்தச் சிவப்புக் கோட்டின் பக்கத்தில் என் பேனாவால் ஒரு 'சரி' போட்டுக் கொடுத்தேன்.