வில்லுப்பாட்டுப் பதிவில் பேரலல் கம்ப்ரஷன்

பதிவான ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் விட்டு, மற்றொன்றைக் கம்ப்ரஸரில் நன்றாக அமுக்கி, இரண்டையும் மறுபடி கலப்பது பேரலல் கம்ப்ரஷன். நியூயார்க் ஒலிப்பதிவாளர்களிடம் செல்வாக்குப் பெற்றதால் அந்நகரின் பெயராலும் வழங்குகிறது. இதன் கரு அதற்கும் பழையது. நாடா இரைச்சலைக் குறைக்க 1960-களின் நடுவில் வந்த டால்பி ஏ முறை, பதிவின்போது ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்து, மெல்லியவற்றை மட்டும் தூக்கி, நேர்வழி ஒலியுடன் சேர்த்தது.

திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கத்துக் கோவில் கொடைகளில் ஒலிக்கும் வில்லுப்பாட்டு, பேரலல் கம்ப்ரஷனுக்குக் கடினமான சோதனை. வீசுகோல் வில்நாணில் விழும் அடியும் குடத்தின் முழக்கமும் சட்டென்று எழுந்து அடங்குபவை. வில்லில் கட்டிய மணிகளின் சிலம்பலும், கதை சொல்லும்போது புலவர் தாழ்த்தும் குரலும் அவற்றுக்கு அடியில் கிடக்கும். மொத்த ஒலியையும் நேரே கம்ப்ரஸரில் விட்டால் குரல் மேலே வரும். ஆனால் அடியின் முனை மழுங்கி, வில் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஆகிவிடும்.

பிரித்துக் கலப்பதன் வலு இங்கேதான் தெரிகிறது. கம்ப்ரஸரின் த்ரெஷோல்ட் (அமுக்கம் தொடங்கும் அளவு) மைனஸ் 30 டெசிபல், ரேஷியோ (அதற்கு மேல் அமுக்கும் விகிதம்) 10-க்கு 1 என்று வைத்து, அதன் சொந்த ஏற்றம் எதையும் கூட்டாமல் நகலை அசலுடன் கலப்பதாகக் கொள்ளலாம். மைனஸ் 40-இல் இருக்கும் மணிச் சிலம்பல் அமுங்காமல் அப்படியே வந்து சேர்வதால் 6 டெசிபல் உயர்கிறது. மைனஸ் 6-இல் விழும் குடத்தடி நகலில் ஏறத்தாழ மைனஸ் 27.6-க்கு இறங்கிவிடுகிறது, கலந்தபின் அதன் ஏற்றம் 0.7 டெசிபல்தான். அடி கிட்டத்தட்ட தன் உயரத்திலேயே நிற்க, அடியிலிருப்பது மேலே வருகிறது.

குறையும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மெல்லியது எதுவாயினும் உயரும்: ஜெனரேட்டர் உறுமல், பந்தலின் பேச்சுச் சத்தம், புலவரின் மைக்கில் கசிந்த பக்கத்துக் குடத்தின் அதிர்வு. ஸ்டுடியோவில் தனித்தனி டிராக்காக எடுத்த பதிவில் பெரும் பயன் தரும் இந்த முறை, இரண்டே மைக்கில் பிடித்த கொடைப் பதிவில் பாதிக்கு மேல் இரைச்சலைத்தான் வளர்க்கிறது. காதும் ஏமாற்றும். நகலைச் சேர்த்ததும் மொத்த ஒலி கூடுவதால், உரத்தது நன்றாக இருப்பதாகத் தோன்றும். மாஸ்டர் ஃபேடரை இறக்கி, நகல் சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒரே உரப்பில் கேட்டால், பாராட்டிய மாற்றங்களில் பல காணாமல் போகும்.

கணினியில் கலப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நகல் 1 மில்லிசெகண்ட் பிந்தினாலும் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழுந்து குரல் குழாய்க்குள் பேசுவதுபோலாகும். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் தாமதத்தைத் தாமே ஈடுசெய்கின்றன. வெளியே உள்ள கம்ப்ரஸருக்கு அனுப்பித் திரும்பப் பெறும்போது அதைச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

உரத்த வாத்தியத்துக்கும் மென்குரலுக்கும் உள்ள பகையைத் தீர்க்க வேறு வழியும் உண்டு. 1962-இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் எஸ். ஜானகியின் குரலும் தனித்தனியே பதிவாகிப் பின்னர் சேர்க்கப்பட்டன. கொடை மேடையில் அதற்கு வழியில்லை. அங்கே செய்யக்கூடியது, குரலுக்கும் குடத்துக்கும் தனி மைக் வைத்துத் தனி டிராக்கில் எடுப்பது. பின்பு கதைப் பகுதியில் குரலின் நகலைச் சற்றே ஏற்றி, வில்லும் குடமும் சேர்ந்து முழங்கும் இடங்களில் அந்த ஃபேடரை முழுதாக இறக்கிவிடுவது.